பேச்சியம்மாள் பொய் சொல்லவில்லை

என் வலது காலில் இப்போது பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும்தான் இருக்கின்றன. மற்ற மூன்றும் போய்விட்டன. முருகன் புண்ணியத்தில் பாதம் தப்பியது. கம்பு ஊன்றி நடக்கிறேன், சோளக்காட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். விரல் போன கதையைச் சொல்லி இரக்கம் தேட நான் உட்காரவில்லை. சர்க்கரைக்காரனுக்கு விரல் போவது எங்கள் பக்கத்தில் புதுசும் இல்லை. என் மனைவி பேச்சியம்மாள் பொய் சொன்னாள் என்று ஓர் ஆஸ்பத்திரி ஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் எங்கள் ஊருக்கு. வானம் பார்த்த கரிசல். போன தை மாதம் மக்காச்சோளம் முற்றி நின்றது. காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் கால் ஏக்கரை உழுது போட்டுவிட்டது. மறுநாள் கருவை முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்தேன். அந்த வேலையில் ஒரு முள் செருப்பைத் துளைத்துச் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. ஏறியது எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பேச்சிதான் கண்டுபிடித்தாள். "என்னங்க, நீங்க நடந்த எடமெல்லாம் ஈரமா இருக்கு?" என்றாள். உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தால் சீழ். கால் பாதி வீங்கி மினுமினுவென்று இருந்தது. வலி கொஞ்சமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குச்சியால் பாதத்தை அங்கங்கே குத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "எப்ப சார் குத்தப் போறீங்க?" என்றேன். அவர் குத்தி முடித்திருந்தார்.

ரொம்ப நாள் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் கால் நரம்பு மரத்துப் போகுமாம். முள் குத்தினாலும் தீ பட்டாலும் சேதி மேலே போகாதாம். "வலி இல்லாம இருக்குதது நல்லதுதானே சார்?" என்று கேட்டுவிட்டேன். "வலி இருந்திருந்தா நீங்க மூணு நாளைக்கு முன்னாடியே வந்திருப்பீங்க" என்றார். இதைப் படிக்கிற சர்க்கரைக்காரர்கள் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை முடிக்கும் முன் எழுந்து போய் உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். எட்டாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

பிறகு காத்திருப்பு. ரத்தம் எடுக்க ஓர் இடம், எக்ஸ்ரேக்கு ஓர் இடம், பணம் கட்டாமல் காப்பீட்டு அட்டையில் சேர்க்க ஓர் இடம். எல்லா இடத்திலும் இரும்பு நாற்காலி. ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன் ஒன்று உண்டு. காலில் களிம்பு தடவி ஒரு கட்டையை வைத்து நகர்த்துகிறார்கள். பக்கத்திலிருந்த பெட்டிக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் மாதிரி உஸ் உஸ் என்று. "ஓட்டம் இருக்கு, பாதத்தைக் காப்பாத்தலாம்" என்றார்கள். பேச்சி அங்கேயே கழுகுமலை முருகன் இருக்கும் திசை எது என்று என்னிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

அன்றே சுண்டுவிரலையும் அதைச் சுற்றிச் செத்துப்போன சதையையும் வெட்டி எடுத்தார்கள். சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு லேபுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிருமியை அங்கே வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சாதாரண ஊசிக்கு அது சாகாது, பெரிய மருந்து போட வேண்டும் என்றார் டாக்டர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. நேரம் தவறக் கூடாது என்று பேச்சியிடமும் ஒரு தரம், நர்ஸிடமும் ஒரு தரம் சொன்னார்.

அந்த வார்டில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் கயத்தாறுப் பக்கத்து ஆட்டுக்கார அண்ணாச்சி. தொடை எலும்பு முறிந்து காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் பெரிய டாக்டர் முன்னால் வர, சின்ன டாக்டர், நர்ஸ், படிக்கிற பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேர் பின்னால் வருவார்கள். அண்ணாச்சி எனக்குக் குரல் கொடுப்பார். "ஏய், ஆட்டுக் கிடை வருதுப்பா, எந்திரிச்சு உக்காரு." சிரித்தால் தையல் இழுக்கும் எனக்கு. "உங்க ஆட்ட எல்லாம் யாரு பாக்கா?" என்று கேட்டால், "மவன் பாக்கான். ஆடு எல்லாம் நான் செத்துட்டேன்னு நெனச்சு சந்தோசமா மேஞ்சுக்கிட்டிருக்கும்" என்பார்.

என் மகள் புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கிறாள். லீவு போட்டு வந்தவள், கட்டுப் போட்ட காலுக்கு ஓர் உறை தைத்துக்கொண்டு வந்தாள். குழந்தைச் சட்டைக்கு வெட்டிய துணியில் மிச்சம். கரடிக்குட்டிப் படம் போட்டது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "உமக்கு ஒரு தொட்டில்தான் பாக்கி" என்றார். நான் அதைக் கழற்றவே இல்லை.

இந்த மாதிரி நல்லதும் இருந்தது. எழுதாமல் விட்டால் பாவம். ஆனால் வார்டு மேசை என்று ஒன்று இருந்தது. மருந்து தீர்ந்தால் அந்த மேசையில் சீட்டு எழுதித் தருவார்கள். கூட இருக்கிறவர்கள் கீழே போய் வாங்கி வந்து கட்டில் பக்கத்துச் சின்ன அலமாரியில் ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். முதல் நாளே பேச்சி, சொட்டு மருந்து பாட்டில் முடியப் போகிறது என்று சொல்லப் போனாள். வார்டுக்கு மேலாளாக இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் நிமிரவே இல்லை. "சும்மா சும்மா வந்து நிக்காதீங்கம்மா. எங்களுக்குத் தெரியும். தேவைன்னா நாங்களே கூப்பிடுவோம்." அதிலிருந்து பேச்சி மேசைக்குப் போக மாட்டாள். சுவரோரம் நிற்பாள். யாராவது பார்த்து என்னம்மா என்று கேட்டால்தான் வாயைத் திறப்பாள். களையெடுப்பில் இருபது பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள் அவள். அங்கே அப்படி ஆகிப்போனாள்.

அங்கே நிவேதா என்று ஒரு பிள்ளை. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு அதற்கு மேலே இரண்டு வருடம் படிக்கிற படிப்பு படிக்கிறாள். சென்னையில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்த காலேஜ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வார்டில் வேலையும் பார்க்க வேண்டும், ஓர் ஆராய்ச்சியும் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். நர்ஸ்மார் பேசுவது நோயாளிகளுக்குப் புரிகிறதா, நோயாளிகளுக்கு அங்கே இருந்த அனுபவம் எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டாம் நாளே என்னிடம் வந்து, "அப்பா, உங்களை சேத்துக்கலாமா?" என்று தன்மையாகக் கேட்டாள். "எந்திரிச்சு நடக்கட்டும் தாயி, அப்புறம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுதேன்" என்றேன்.

பெரிய மருந்து போட ஆரம்பித்த மூன்றாம் நாள் நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்தில் 'இல்லை' என்ற சொல்லை எடுக்க மாட்டோம். லட்சுமி வீட்டுக்குள் வருகிற நேரம் அது. அரிசி தீர்ந்திருந்தால் அரிசி நிறைஞ்சிருக்கு என்போம். எண்ணெய் தீர்ந்தாலும் அப்படித்தான். "அண்ணாச்சி, உப்பு நிறைஞ்சிருக்கு" என்று போய் நின்றால் கடைக்கார அண்ணாச்சி உப்பை எடுத்துக் கொடுப்பார். நிறைஞ்சிருந்தா எதுக்கு வந்தே என்று கேட்கிற கடைக்காரரை நான் இந்தச் சீமையில் பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரும்போதே இதுவும் வந்துவிடும். யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் விளக்கு ஏற்ற முடியாது. டியூப் லைட் போடுகிற நேரம்தான் பேச்சிக்கு விளக்கு வைக்கிற நேரம். குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து, லைட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எனக்குத் திருநீறு பூசுவாள். அன்று மதியம் இரண்டு மணிக்குப் போட்ட ஊசியோடு பெட்டி காலி. சீட்டுக்காக அவள் நான்கு மணியிலிருந்து சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. லைட் போட்டார்கள். அவள் கும்பிட்டுவிட்டு என் நெற்றியில் விரலை வைத்திருக்கிறாள். நிவேதா பலகையில் தாளைச் செருகி ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பாவோட ஊசி மருந்து இருக்கா?"

"நிறைஞ்சிருக்கு தாயி" என்றாள் பேச்சி.

"ஓகேம்மா." ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சீட்டு எழுதி எடுத்து வரத்தான் போகிறாள் என்று பேச்சி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஏழரை மணி வாக்கில், "சீட்டு வரலையே, நான் ஒரு எட்டு போய்க் கேக்கட்டா?" என்றாள். பக்கத்து அறையில் யாரையோ அவசரமாகக் கொண்டுவந்து இறக்கி, மேசையில் இருந்த எல்லாரும் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். "ஏச்சு வாங்காத. அந்தப் பிள்ள கொண்டுவரும்" என்று சொன்னவன் நான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

காப்பீட்டு மருந்து கொடுக்கிற ஜன்னல் எட்டு மணிக்கு மூடிவிடும். பத்து மணி ஊசிக்கு நர்ஸ் வந்து பெட்டியைத் திறந்த போதுதான் விஷயம் தெரிந்தது. வெளிக்கடையில் அந்த மருந்து கிடைக்கவில்லை. பத்து மணி ஊசியும் போயிற்று, காலை ஆறு மணி ஊசியும் போயிற்று. எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டு பல் அடித்துக்கொண்டது.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். வார்டு முழுக்கக் கேட்கிற குரல்.

"மருந்து இருக்குன்னு எதுக்கும்மா பொய் சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லலையே. நிறைஞ்சிருக்குன்னுல்லா சொன்னேன்."

"நிறைஞ்சிருக்குன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? பெட்டில இருந்துச்சா? இல்லைல்லா? அப்ப அது பொய்தானே?"

அந்தக் கோடியில் யாரோ ஒருவர் சிரித்தார். பேச்சி என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் எனக்கு நாக்கு புரளவில்லை. ஆட்டுக்கார அண்ணாச்சிதான் வாயைத் திறந்தார். "யம்மா, வெளக்கு வைக்கும்போது வேற எப்படிச் சொல்லுவாவ? ஒங்க வீட்ல எப்படி?"

"நீங்க சும்மா படுங்க தாத்தா. ஒங்க வேலையப் பாருங்க."

எனக்குக் கோபம் அங்கேதான் பிடித்தது. இன்று வரை இறங்கவில்லை. அந்த சிஸ்டர் சென்னைக்காரர் இல்லை. போனில் மகளோடு பேசும்போது, "ஏட்டி, சாப்ட்டியாட்டி, நான் வர லேட்டாகும்ட்டி" என்று பேசுகிறவர். விளாத்திகுளம் பக்கம் என்று அண்ணாச்சி விசாரித்து வைத்திருந்தார். அவர் வீட்டில் எண்ணெய் தீர்ந்தபோது அவர் அம்மா என்ன சொல்லியிருப்பார்? அவருக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. டாக்டர் வந்து கேட்கும்போது கைகாட்ட ஓர் ஆள். அந்த வார்டில் எதிர்த்துச் சண்டைக்கு நிற்க மாட்டாதவள் பேச்சி ஒருத்திதான்.

நிவேதா பின்னால் நின்றாள். சுவரில் தொங்கிய அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது இன்னும் இரண்டு விரல் கருத்திருந்தன. திரும்பவும் ஆபரேஷன். நான் நியாயமாகப் பேச வேண்டும். அந்த இரண்டு ஊசியும் போட்டிருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று பெரிய டாக்டரிடமே கேட்டேன். "சொல்ல முடியாது. ஏற்கெனவே உள்ள பரவியிருந்திருக்கலாம்" என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் இதை அவர் என்னிடம் சொன்னார். பேச்சியிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதை அவள் நம்பவில்லை. "என் வாய்தான் ஒங்க வெரலத் தின்னுட்டு" என்று என் காலடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தமாக அழுதால்கூடத் தேற்றலாம். கட்டின் நுனியைச் சரிசெய்துகொண்டே, ஏதோ கணக்குச் சொல்கிற மாதிரிச் சொல்வாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஃபைலைத் தூக்கி என் மடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் வாசலில் காத்திருந்த நேரத்தில் மகள் அதைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒரு தாளில் விரல் நின்றது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

"சொல்லு."

நோயாளியுடன் இருப்பவர் மருந்து இருப்பதாகப் பொய்யான தகவல் கொடுத்ததால் இரண்டு வேளை மருந்து தவறியது. நோயாளியின் மனைவி, பெயர் பேச்சியம்மாள். அடியில் இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்து. இப்படித்தான் இருந்தது.

கருப்பசாமி சாட்சியாகச் சொல்கிறேன், விரலை வெட்டப் போகிறோம் என்று சொன்னபோது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை. காடு விலை பேச வந்த ஆளிடம்கூட, கிணற்றில் கோடையில் தண்ணீர் கீழே போய்விடும் என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்தவள். அவள் பேரைப் போட்டுப் பொய் என்று எழுதி, ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைத்திருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கம்பை ஊன்றி மேசைக்கு, இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். "அந்த வரியத் திருத்துங்கம்மா" என்றேன்.

"ஃபைல்ல எழுதுனத அழிக்கக் கூடாது ஐயா. ரூல்ஸ்."

"அழிக்க வேண்டாம். அவ என்ன அர்த்தத்துல சொன்னாள்னு பக்கத்துல ஒரு வரி எழுதுங்க."

"அது எங்க பாதுகாப்புக்கு எழுதுறது. ஒங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அவருக்கு எங்கள் மேல் கோபம் கிடையாதாம். "நீங்க விளாத்திகுளம்தானம்மா? ஒங்க வீட்ல உப்பு தீந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணியே அடிக்காத போனை.

அந்த வரி இன்னும் அந்த ஃபைலில் அப்படியேதான் இருக்கிறது. பழைய ஃபைல் அறைக்குப் போய்விட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சி சமைத்தாள், மாட்டைப் பார்த்தாள், என் காலைக் கழுவித் துடைத்தாள். விளக்கு மட்டும் வைக்கவில்லை. "நீங்களே ஏத்துங்க" என்றாள். பொழுது சாய்ந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி சீனி கேட்டு வந்தால், டப்பாவைத் திறந்து காட்டுவாள். வெறும் டப்பா. "இந்தா, நீயே பாத்துக்கோ" என்பாள். நான் ஏற்றிய விளக்கு முன்னால் நின்று முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் விரலை நான் கேட்கவில்லை.

கட்டு மாற்ற வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது நிவேதா வந்தாள். கையில் பலகை, தாள்.

"அப்பா, நடக்குறீங்களே! நடந்தா பதில் சொல்றேன்னு சொன்னீங்களே."

"கேளு" என்றேன். முப்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. செவிலியர் உங்களிடம் மரியாதையாகப் பேசினாரா? செவிலியர் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா? மருந்து பற்றிச் செவிலியர் விளக்கியது உங்களுக்குப் புரிந்ததா? அவள் வாசிக்க வாசிக்க நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா."

"நீங்க சொன்னது எங்களுக்குப் புரிஞ்சுதான்னு பத்து வாட்டி கேட்டிருக்க. நாங்க சொன்னது ஒங்களுக்குப் புரிஞ்சுதான்னு ஒரு கேள்வி காணமே, தாயி? அந்தத் தாளு எங்க விழுந்துட்டு?"

பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். கண் தளும்பியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"எனக்கு மறுநாளே தெரிஞ்சிடுச்சுப்பா" என்றாள். "ஹாஸ்டல் மெஸ்ல சமையல் அக்கா, தக்காளி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்னு சொன்னாங்க. நிறைஞ்சிருந்தா ஏன் வாங்கணும்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு அர்த்தம் சொன்னாங்க."

"மறுநாளே தெரியும். அப்ப ஏன் சொல்லலை? ரெண்டாவது ஆபரேசனுக்கு என்னைத் தள்ளிக்கிட்டுப் போறப்ப நீதான கூட வந்த?"

"பயந்துட்டேன். வார்டு வேலைக்கு மார்க் இன்சார்ஜ் மேடம்தான் போடணும்."

"ஒனக்கு மார்க்கு. எனக்கு வெரலு. அவளுக்கு?" என்று பேச்சியைக் காட்டினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. "ஆஸ்பத்திரி நோட்டுல பொய்க்காரின்னு எழுதியிருக்காவ. அது மாறாதாம். நீ எழுதுத புஸ்தகத்துல என்ன எழுதப் போற? திருப்தி, ஒரு டிக்கு?"

நிவேதா அவசரமாகக் கடைசித் தாளைத் திருப்பினாள். 'வேறு கருத்துகள்' என்று போட்டு மூன்று கோடு இருந்தது. "இதுல எழுதுறேன்ப்பா. இது மட்டும் இல்ல, என் ஆராய்ச்சியிலயே தனியா ஒரு இடத்துல எழுதுறேன். கைடு மேடம் வேணாம்னு எடுக்கச் சொல்லலாம். எடுக்க மாட்டேன்."

"எழுது. எழுதி வாசி. வாசிச்ச பெறகுதான் கையெழுத்து."

சுவரில் பலகையைச் சாய்த்து எழுதினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள். "நோயாளியின் மனைவி பொய் சொல்லவில்லை. படிப்பறிவு குறைந்தவர் என்பதால், வட்டார வழக்குச் சொல் ஒன்றை அறியாமையால் பயன்படுத்தியதில் தவறு நேர்ந்தது."

பொய் சொல்லவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு மனசு இறங்கிவிட்டது. இவ்வளவு நாள் அலைந்ததற்கு இது போதும் என்று பேனாவை வாங்கக் கையை நீட்டினேன். பேச்சி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இன்னொரு வாட்டி வாசி தாயி."

அவள் வாசித்தாள்.

"அறியாமைன்னா? தெரியாமச் சொல்லிட்டேன்னா?"

"ஆமாம்மா. உங்க மேல தப்பில்லைன்னுதான் அப்படி எழுதியிருக்கேன்."

"அத அடி" என்றாள் பேச்சி.

எழுந்து நின்றுவிட்டாள். பல வாரமாக நான் கேட்காத குரல். களையெடுப்பில் வரப்பு மேல் நின்று இருபது பேரை அதட்டுகிற குரல். "நான் தெரிஞ்சுதான் சொன்னேன். அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். எங்க அம்மைக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்ல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு கெடந்த அண்ணாச்சிக்குத் தெரியும். அந்தா, வார்டுல இருக்காவள்லா ஒங்க இன்சார்ஜ் மேடம், அவியளுக்கும் தெரியும். தெரியாதது ஒனக்கு. எங்கிட்ட எதுக்கு அந்த அறியாமையக் கொண்டாந்து வைக்க? ஒம் பேரப் போட்டு எழுது."

கட்டு மாற்றும் அறை வாசலில் இருந்த நர்ஸ்கூட எட்டிப் பார்த்தார். நிவேதா முதலில் எழுதியதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். அடுத்த கோட்டில் எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை அழவில்லை. எழுதி முடித்துவிட்டு, தலையைத் தூக்காமல் வாசித்தாள்.

"கேட்டவர், மாணவி நிவேதா. நோயாளியின் மனைவி பேச்சியம்மாள் மருந்து தீர்ந்துவிட்டது என்று சரியாகவே சொன்னார். எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை."

பேச்சி இன்னும் உட்காரவில்லை.

"அலமாரி ஒங் கைக்குப் பக்கத்துலதான இருந்துச்சு? பெட்டியத் தொறந்து பாக்கலைன்னும் போடு."

அதையும் எழுதினாள். மூன்று கோடு போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறிப் போயிருந்தது. பேச்சி தாளை வாங்கி, தன் பெயர் இருந்த இடத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவை என்னிடம் கொடுக்காமல் அவளே கையெழுத்துப் போட்டாள். நான் அதற்குக் கீழே போட்டேன்.